நாய் விழுந்த காலைகள்

அந்த வருஷம் எங்கள் வீட்டு நாய் இரண்டு தடவை செத்துப் பிழைத்தது. இரண்டு தடவையும் காலை நேரம். எதனால் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். நான் உண்ணி என்றேன். அப்பா பவுடர் என்றார். பக்கத்து வீட்டுக்காரி ஆத்தாவின் கோபம் என்றாள். அம்மா மட்டும் ஊசி போட்டது யார் என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். பின்னால் காரணம் என்னவோ தெரிந்துவிட்டது. குழப்பம் தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை, இன்றுவரை இல்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டை ஒட்டி, ஒரே கூரையை நடுச்சுவர் வைத்து இரண்டாகப் பிரித்த வீட்டில் ஒரு பாதியில் நாங்கள் இருந்தோம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்கு ஆர்டர் வரக் காத்திருந்தேன். அதாவது, எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டு வீட்டில் இருந்தேன். மறுபாதியில் ஓர் இளம் புருஷன் பெண்டாட்டி. அவன் லாரிக்கு லோடு ஏற்றப் போவான். அவள் கம்பி மத்தாப்புக் கம்பெனியில் வேலை பார்த்தாள். தவழ்கிற வயதில் ஒரு பெண் குழந்தை. பகலில் அந்தக் குழந்தையை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போவாள். மதியம் கேப்பைக் கூழ் ஊட்டித் தூங்கவைப்பது என் வேலை. எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அந்த வீட்டில் என்னோடு சண்டை போடாத ஒரே ஆள் அந்தக் குழந்தைதான்.

மத்தாப்பு வேலைக்குப் போகிறவர்களைக் கையை வைத்தே சொல்லிவிடலாம். கம்பிகளைப் பசையில் முக்கி எடுத்துக் காயவைக்கிற வேலை. பசையில் அலுமினியப் பவுடர் கலந்திருக்கும். சாயங்காலம் கம்பெனி லாரியிலிருந்து இறங்கும்போது அவளுக்கு முழங்கை வரைக்கும் வெள்ளியாக இருக்கும். கிணற்றடியில் எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணிலும் உள்ளங்கை ரேகையிலும் மினுக்கம் தங்கிவிடும். அவள் தூக்கிக் கொஞ்சிய பிறகு குழந்தையின் கன்னத்திலும் அது ஒட்டியிருக்கும். நான் அதை அழகு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாயை யாரும் கொண்டுவந்து வளர்க்கவில்லை. அதுவாக வந்தது, அதுவாகத் தங்கியது. அதற்கு எங்கள் வீட்டில் ஒரு பேர், அவர்கள் வீட்டில் வேறொரு பேர். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வாலாட்டிக்கொண்டு வரும், சோறு இருந்தால். காலையில் லாரி வருவதற்கு முன்னால் அவள் தன் பழைய சோற்றில் ஒரு கை எடுத்து அதற்கு வைப்பாள். பிறகு எங்கள் பக்கம் வந்து அப்பாவின் காலடியில் உட்காரும். அப்பா இட்லியில் பாதியைப் பிட்டுப் போடுவார். இரண்டு வீட்டுச் சாப்பாட்டுக்கும் அது தேறவில்லை. எலும்பு தெரியும். கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும். இருமும்.

இருமலை எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் நோயாகவே யாரும் நினைக்கமாட்டார்கள். தீப்பெட்டிக்காரர்கள் இருமுவார்கள், வெடிக்காரர்கள் இருமுவார்கள், சாக்பீஸ் தூசியில் அப்பாவும் இருமுவார். அம்மா விடாமல் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய் ரத்தம் பார்க்க வைத்தாள். ஈஸ்னோபீலியா என்று சொல்லி ஒரு புட்டி நிறைய வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்று அப்பா முனகுவார். அம்மா விடமாட்டாள். நைட் டூட்டி முடிந்து வந்து படுக்கிறதற்கு முன்னால், “மாத்திரை போச்சா?” என்று கேட்பாள். “போச்சு, போச்சு” என்பார் அப்பா.

அப்படி ஒரு காலையில் அப்பா பள்ளிக்கூடம் போய், லாரியும் போய், அம்மா படுத்துக் கண் அசந்த நேரம். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். நாய் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. நாய் என்றால் வாந்தி எடுக்கத்தான் செய்யும் என்று பேசாமல் இருந்தேன். பின்னாலேயே வயிற்றாலும் போயிற்று. நடக்கப் பார்த்தது, பின்னங்கால் இரண்டும் மடங்கி அப்படியே சரிந்தது. கூப்பிட்டேன், அதன் இரண்டு பேரையும் சொல்லிக் கூப்பிட்டேன். வால்கூட அசையவில்லை.

அம்மாவை எழுப்பினேன். அவள் நாய்க்கெல்லாம் எழுந்து வருகிறவள் இல்லை. ஆனால் வந்து பார்த்ததும் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள். அதன் உதட்டை விலக்கிக் காட்டினாள். ஈறு வெள்ளைவெளேர் என்றிருந்தது. காது சில்லிட்டிருந்தது. தொடையிடுக்கில் விரலை வைத்து நாடி பார்த்தாள்.

“யாரும் இதுக்கு ஊசி போட்டீகளா?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நாய்க்கு யாரும்மா ஊசி போடுவா?”

“பென்சிலின் ஒத்துக்கிடாத ஆளு இப்படித்தான் விழுவான். இந்த வெளுப்பு, இந்த நாடி. நான் கண்ணால பாத்திருக்கேன்.”

ஊசி போடாத நாய்க்கு ஊசி போட்ட மாதிரி எப்படி வரும் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கும் விளங்கவில்லை. சாக்கை மேலே போர்த்தினோம். பின்பக்கம் உயரமாக இருக்கட்டும் என்று ஒரு பலகையை அடியில் கொடுத்தோம். வேறு என்ன செய்யவென்று தெரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். குழந்தை அதன் வாலைப் பிடித்து இழுத்து விளையாடியது. உச்சி வெயில் ஏறின நேரத்தில் நாய் தலையைத் தூக்கியது. நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதது போலத் தண்ணீர் குடித்தது.

முந்தின நாள்தான் நான் அதன் காதிலிருந்து உண்ணிகளைப் பிடுங்கிக் கல்லில் வைத்து நசுக்கியிருந்தேன். அதுதான் காரணம் என்று சொன்னேன். உண்ணி எடுத்தால் நாய் தெம்பாகத்தானே ஆகணும் என்று அம்மா கேட்டாள். சாப்பிட வந்த அப்பா இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறவரைப் போல நின்று தீர்ப்புச் சொன்னார்.

“பவுடரு. அந்தப் பிள்ளை கையில இருக்க பவுடரு. தினமும் அந்தக் கையாலதான சோறு வைக்கா?”

“இம்புட்டு நாளா வைக்காளே, இன்னிக்கு மட்டும் என்ன?” என்றேன்.

“சேந்து சேந்துதான் ஒருநாள் வேலையக் காட்டும்.”

அப்பாவிடம் இதுதான் தொல்லை. அவர் சொன்னது தவறாக இருக்கும்போதும் கேட்பதற்குச் சரியாக இருக்கும். அன்று சாயங்காலம் அவள் லாரியிலிருந்து இறங்கியதும் முற்றத்திலேயே நிறுத்தி, பெரிய மனிதத் தோரணையில் ஆனால் கோபமில்லாமல் சொன்னார்.

“ஏம்மா, உங் கையில இருக்கது நாய்க்கு ஆகல. செத்துப் பிழைச்சிருக்கு. இனிமே அதுக்கு ஒண்ணும் வைக்காத.”

அவள் தன் கையைப் பார்த்தாள். திருப்பி இந்தப் பக்கமும் பார்த்தாள். நான் குழந்தையை அவளிடம் நீட்டிக்கொண்டு நின்றேன். வழக்கமாக முகம் கழுவுமுன் வாங்கி முத்தம் கொடுத்துவிட்டுத்தான் திருப்பித் தருவாள். அன்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“கொஞ்சம் நீங்களே வச்சிருங்க டீச்சரக்கா.”

அப்பா சொன்னது நாயைப் பற்றி. அவள் காதில் விழுந்தது குழந்தையைப் பற்றி. இது எனக்கு உடனே புரிந்தது என்று சொன்னால் பொய். அவள் கிணற்றடிக்குப் போனாள், வெகுநேரம் வரவில்லை. செங்கல் பொடி, புளி, கடைசியில் மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்திருக்கிறாள். பால் கொடுக்க உட்கார்ந்தபோது கை சிவந்து தோல் உரிந்திருந்தது. அப்போதும் ரேகையில் மினுக்கம் இருந்தது.

அதற்கடுத்த நாட்களில் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்துபோய் வந்தாள். திருநீற்றைக் கொண்டுவந்து குழந்தைக்கும் பூசினாள், நாய்க்கும் பூசினாள். ஆத்தாளுக்கு நேர்ந்தது எதையோ மறந்துவிட்டதால் வந்த கோபம் என்றாள். ஒருநாள் அது ஆத்தாளாக இருக்கும், மறுநாள் பவுடராக இருக்கும், இரண்டுக்கும் நடுவில் அவள் அல்லாடினாள். பால் கொடுக்கும்போது கையில் துணியைச் சுற்றிக்கொண்டாள். துணி வழுக்கிக் குழந்தை ஒருமுறை மடியிலிருந்து உருண்டுவிட்டது. அதிலிருந்து என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தான் குனிந்து பால் கொடுத்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் அப்பாவிடம் கத்தினேன். நான் நாயைத்தானே சொன்னேன் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா காரியாபட்டியிலிருந்து வந்தாள். அவளும் கைக்குழந்தைக்காரி. கையோடு தங்கை குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நாள் இருந்து வரட்டும் என்று சொன்னார்கள். பஸ் ஏறும்வரை குழந்தை என் சேலைத் தலைப்பை விடவில்லை. அன்று மதியம் அடுப்பில் கேப்பைக் கூழைக் கிண்டி இறக்கிய பிறகுதான் ஊட்ட ஆளில்லை என்பது எனக்கு நினைவு வந்தது. நான் அழுதேன். அவள் அழுததைப் பார்த்தவர் யாரும் இல்லை. பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தவளுக்கு அம்மாதான் போய் ஒத்தடம் கொடுத்தாள். கொஞ்சங்கொஞ்சமாகப் பால் வற்றியது.

நாய் அதற்குப் பிறகு நன்றாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு டூட்டி பகலுக்கு மாறியிருந்தது. பாருங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை சோறு வைப்பதை நிறுத்தினாள், நாய்க்கு ஒன்றும் வரவில்லை என்று அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். எனக்கும் அவர் சொன்னது சரியோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. மறுபடி அம்மாவுக்கு நைட் டூட்டி வந்தது. அந்த வாரத்திலேயே நாய் மறுபடி விழுந்தது.

இந்தத் தடவை அது போய்விட்டது என்றே நினைத்தேன். நாக்கு வெளியே தொங்கி நிறமே இல்லாமல் இருந்தது. கண்ணைத் தொட்டாலும் இமைக்கவில்லை. அவள் அதற்குச் சோறு வைத்து எத்தனையோ நாளாகிவிட்டது; பக்கத்தில் வந்தால்கூட “சூ, போ” என்று விரட்டுவாள். பிறகு எப்படி? அம்மா என்னைக் கேட்டாள், நான் அம்மாவைக் கேட்டேன். அப்பாவுக்கு இழுப்பு வந்தால் போட ஓர் அட்ரினலின் ஊசி வீட்டில் இருந்தது. பென்சிலினில் விழுந்தவனுக்கும் அதுதானாம். நாய்க்கு எவ்வளவு போடலாம் என்று அம்மாவுக்குத் தெரியாது. கொஞ்சம்போல எடுத்துத் தோலுக்கடியில் போட்டாள். ஜெபம் செய்தாள் என்றும் நினைக்கிறேன், உதடு அசைந்தது. சற்று நேரத்தில் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

வாந்தியைச் சாம்பல் போட்டு அள்ளும்போதுதான் அதை நான் பார்த்தேன். வாழைப்பழத் துண்டு ஒன்று மெல்லாமல் அப்படியே வந்திருந்தது. அதற்குள்ளே கரைந்தும் கரையாமலும் ஒரு வெள்ளை மாத்திரை. பக்கத்தில் இன்னொன்றின் பாதி. அம்மா அதைக் குச்சியால் புரட்டிப் பார்த்தாள். மாத்திரைப் புட்டியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். தூங்கப் போகவில்லை. அப்பா சாப்பிட வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“மாத்திரை போச்சுன்னீகளே, எங்க போச்சு?”

அப்பா நாயைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. அதுவரை அவர் சொன்னதிலும் பொய் கிடையாது, மாத்திரை போகத்தான் செய்தது.

“அதுக்கும் இருமல், எனக்கும் இருமல்” என்றார். “ஒரே இருமல்தான? எனக்குக் குமட்டுது. அதுக்காச்சும் ஆகட்டுமேன்னு.”

“இன்னைக்கு ரெண்டா?”

“போன தடவை படுத்ததுல இருந்து ரொம்ப மெலிஞ்சு போச்சு. பாவமா இருந்துச்சு.”

அம்மாவுக்குச் சிரிப்பா, ஆத்திரமா, எதுவென்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. அம்மா பகல் டூட்டிக்குப் போன நாட்களில் அப்பா மாத்திரையைத் தொடவே இல்லை. கேட்க ஆள் இருந்த காலைகளில் குமட்டலோடு விழுங்கியவர், அந்த இரண்டு காலை மட்டும் அதை நாய்க்குக் கொடுத்திருக்கிறார். முதல் தடவை விழுந்தபின் அது அவர் கையிலிருந்து ஒரு வாரம் எதையும் வாங்கவில்லையாம். எங்கள் எல்லாரையும்விட அதற்குத்தான் கொஞ்சம் விவரம் இருந்திருக்கிறது.

ஆனாலும் மனிதர் தின்கிற மாத்திரை நாயை ஏன் இப்படி அடிக்கவேண்டும்? அம்மா நாயின் காதில் குத்திக் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கவிட்டார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, அறுத்துப் போட்ட நூல் துண்டுகள் மாதிரிச் சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஒரு சொட்டுக்குள்ளேயே அத்தனை. இவ்வளவையும் உடம்புக்குள் வைத்துக்கொண்டா அது வாலாட்டியது என்று மறுபடியும் குனிந்து பார்த்தேன்.

டாக்டரம்மா தனக்குத் தெரிந்தவரை சொன்னார். இது கொசு கடித்து வருகிற புழு. இந்த மாத்திரை அந்தப் புழுக்களைக் கொல்லும். ஒன்றிரண்டு செத்தால் உடம்பு தாங்கும். ரத்தம் முழுக்க நிறைந்திருக்கிற புழுக்கள் ஒரே சமயத்தில் செத்தால், அவற்றின் உடலிலிருந்து கசிவது உடம்புக்கு ஆகாமல், பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவனைப் போல நாய் விழுந்துவிடும். யானைக்கால் புழு இருக்கிறவர்களுக்கும் இதே மாத்திரையை முதலில் கொடுக்கும்போது குளிர்காய்ச்சல் வருவதுண்டு. “நான் படிச்சது மனுஷ வைத்தியம். நாயைப் பத்தி அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா அந்த மாத்திரையை மட்டும் இனிமே அதுக்குக் காட்டாதீங்க” என்றார்.

நோயைத் தீர்க்கிறது ஆளை விழவைக்கிறது. புழு உயிரோடு இருந்தவரை நாய் நடந்தது, புழு சாகச்சாக நாய் விழுந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் இதையே புரட்டிக்கொண்டு வந்தேன், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அவள் கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதை அவளிடம் சொல்லவேண்டும், குழந்தை திரும்பி வரும். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவே அவள் வாசலுக்குப் போனார். நானும் அம்மாவும் பின்னால் நின்றோம். “நான் சொன்னது தப்பும்மா” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாத்திரை, புழு, ரத்தம் எல்லாவற்றையும் பாடம் நடத்துகிற மாதிரி விளக்கிச் சொன்னார். அவள் கதவைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள்.

“அப்ப நாய்க்கு இதனால இல்ல.”

“இல்லம்மா.”

“புள்ளைக்கு?”

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டுத் தூக்கு” என்றாள் அம்மா.

“சோப்புக்குப் போகாதே நர்ஸம்மா. பாருங்க.” இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். “இது புள்ளைய ஒண்ணுஞ் செய்யாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே போயித் தூக்கிட்டு வாரேன்.”

சொல்லு, சொல்லிவிடு என்று எனக்குள் அடித்துக்கொண்டது. ஒரு வார்த்தைதானே. அம்மா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ பிரசவம் பார்த்தவள், ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் பால் கொடுக்கச் சொல்லிக் கொடுத்தவள்.

“எனக்குத் தெரியலையேம்மா” என்றாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில், ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அம்மாவிடம் கேட்டேவிட்டேன். “குறைஞ்சா யாருக்குக் குறையும்? அந்தப் பச்சப் பிள்ளைக்குல்லா?” என்றாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நாய் விஷயத்தில் அவர் சொன்னது தப்பு. குழந்தை விஷயத்தில் அவர் எதுவும் சொல்லவே இல்லை. அதனால் அவரைத் திட்டவும் எனக்கு வழியில்லை. மத்தாப்பு வேலையை விட்டுவிடேன் என்று மறுநாள் அவளிடம் சொன்னேன். விட்டுவிட்டு எங்கே போவது என்று கேட்டாள். வெடிக்குப் போவதா, தீப்பெட்டிக்குப் போவதா?

அடுத்த லீவு நாளில் அவள் காரியாபட்டிக்குப் போனாள். நான் குழந்தையின் துணிகளைத் துவைத்து மடித்து வைத்துக் காத்திருந்தேன். சாயங்கால பஸ்ஸில் தனியாகத்தான் இறங்கினாள். எங்கே என்று கேட்டதற்கு, அங்கனயே இருக்கட்டும்னுட்டேன் என்றாள்.

“எங்க அக்கா காட்டு வேலைக்குப் போறவ. அவ கையில மண்ணுதான் இருக்கும். அது கழுவுனாப் போயிரும்ல.”

பிறகு எனக்கு ஆர்டர் வந்தது, வேறு ஊருக்குப் போனேன். நாய் அதன் இருமலோடு இன்னும் சில காலம் இருந்துவிட்டு ஒரு கோடையில் செத்தது. லீவுக்கு வந்திருந்தபோது ஒரு தடவை அந்தக் குழந்தையைப் பார்த்தேன். பெரியம்மாவோடு வந்திருந்தது, நன்றாக ஓடியது, நன்றாகப் பேசியது. என்னை அதற்கு அடையாளம் தெரியவில்லை, அது நியாயம்தான். மத்தாப்புக் கம்பெனி லாரி வந்து நின்றதும் வாசலுக்கு ஓடி, இறங்கியவளைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டது. சித்தி வந்தாச்சு, சித்தி வந்தாச்சு என்றது. அவள், “ஏ, வந்துட்டேன்டா” என்று சிரித்துக்கொண்டே கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.